வீசிங்குக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நான்கு வயதிலிருந்து வீசிங் இருக்கிறது. குழந்தைகள் டாக்டர் சொன்னபடி இரண்டு வருடமாகப் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு பம்பை ஸ்பேசர் (பம்பில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) வைத்துக் காலையும் இரவும் கொடுக்கிறோம். இப்போது ஐந்து மாதமாக இளைப்பே இல்லை. நிறுத்தலாமா என்று கேட்டால், "உள்ளே வீக்கம் இருக்கும், தொடரட்டும்" என்கிறார். அந்த வீக்கம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சி.டி. ஸ்கேன் என்றால் கதிர்வீச்சு, பயமாக இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் வீக்கத்தை அல்ட்ராசவுண்டில் அளக்கிறார்கள் என்று ஒரு செய்தி அனுப்பினான். அதில் கதிர்வீச்சு கிடையாதாமே? எங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் எடுத்துப் பார்த்து, வீக்கம் இல்லை என்று வந்தால் பம்பை நிறுத்திவிடலாம் அல்லவா? மாமியார் வேறு, "பிள்ளையைப் பம்புக்குப் பழக்கிவிட்டாய்" என்று தினமும் சொல்லிக்காட்டுகிறார். இத்தனைக்கும் இரண்டு மாதமாக அவருக்கே (68 வயது) இரவில் படுத்தால் இளைப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து, இளைப்பு வந்தால் மட்டும் அடிக்க வைத்திருக்கும் பேரனின் நீலப் பம்பை வாங்கி அடித்துக்கொள்கிறார்!

– வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரிக்கு, முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்து உங்கள் மகனின் மூச்சுக்குழாய் வீக்கத்தைப் பார்க்க முடியாது. உங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் முடியாதது சென்னையின் பெரிய மருத்துவமனையிலும் முடியாது. கருவியின் விலையோ டாக்டரின் அனுபவமோ இதில் குறுக்கே நிற்கவில்லை; ஒலி போகிற பாதையே அடைபட்டிருக்கிறது. அக்கா மகன் அனுப்பியது பொய்ச் செய்தி என்றும் சொல்ல மாட்டேன். அந்தச் செய்தியில் வருகிற அல்ட்ராசவுண்ட் வேறு, நீங்கள் மனதில் வைத்திருப்பது வேறு.

காரணம் நுரையீரல் என்ற பெயரிலேயே இருக்கிறது. நம் உடம்பில் ஈரல் என்று பெயர் வாங்கியவை மூன்று: கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். வயிற்றில் ஜெல் தடவிய ஒரு நிமிடத்துக்குள் ஸ்கேன் டாக்டர் முதல் இரண்டையும் திரையில் காட்டிவிடுவார். மூன்றாவதில் மட்டும் நுரை இருக்கிறது. சதையும் காற்றும் கலந்த நுரை. அல்ட்ராசவுண்ட் என்பது நம் காதுக்கு எட்டாத அளவுக்கு அதிர்வெண் கூடிய ஒலி. சதைக்குள் அது நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் ஓடும். வழியில் காற்று எதிர்ப்பட்டால் 99.9 சதவீதத்துக்கும் மேல் முட்டித் திரும்பிவிடும்.

கிணற்றில் குதித்துக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீருக்குள் முங்கி இருக்கும்போது, மேட்டில் நின்று அம்மா எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் காதில் விழாது. (விழவில்லை என்று பொய் சொன்ன நாட்களும் உண்டு.) காற்றில் வரும் ஒலி தண்ணீரின் மேற்பரப்பில் மோதித் திரும்பிவிடுகிறது. இங்கே அதுவே தலைகீழாக நடக்கிறது: சதையில் வரும் ஒலி காற்றில் மோதித் திரும்புகிறது. ஸ்கேனுக்கு முன் ஜில்லென்று ஜெல் தடவுகிறார்களே, அதுவும் இதற்காகத்தான். புரோபுக்கும் (உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியின் கைப்பிடி) தோலுக்கும் இடையில் இருக்கும் மயிரிழைக் காற்றை விரட்ட வேண்டும். மயிரிழைக் காற்றுக்கே படம் கெட்டுப்போகும் என்றால், லிட்டர் கணக்கில் காற்றை வைத்திருக்கும் உறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நெஞ்சில் புரோபை வைத்தால் என்னதான் தெரியும்? தோல் தெரியும், தசை தெரியும், விலா எலும்பு தெரியும். அதற்கு அடியில் நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வு ஒரு வெள்ளைக் கோடாக, மூச்சுக்கு மூச்சு அப்படியும் இப்படியும் வழுக்கும். அத்தோடு சரி. கோட்டுக்குக் கீழே சம இடைவெளியில் படிக்கட்டு போல வேறு கோடுகளும் தெரியும். ஆனால் அவை நுரையீரலின் படம் அல்ல, அந்த முதல் கோட்டின் எதிரொலிகள். சலூனில் முன்னும் பின்னும் கண்ணாடி மாட்டியிருந்தால் உங்கள் பையனின் தலை வரிசையாகப் பத்து தெரியும் அல்லவா, அந்த மாதிரி. ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இந்தப் படம் ஒன்றுபோலவே இருக்கும். கடும் இளைப்பின் நடுவே எடுத்தாலும் பெரும்பாலும் 'நார்மல்' என்றுதான் ரிப்போர்ட் வரும். நான் பயப்படுவது அந்த நார்மலுக்குத்தான். அதைப் பார்த்ததும் நீங்கள் பம்பை நிறுத்திவிடுவீர்கள்.

சரி, பெங்களூர் தம்பி படித்த செய்திக்கு வருவோம். வெளியிலிருந்து பார்க்க முடியாது என்றால் உள்ளே போய்விடலாமே என்று யோசித்தவர்கள் உண்டு. மூச்சுக்குழாய்க்குள் விடும் கேமராக் குழாய் வழியாக, இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் பருமனுள்ள ஒரு மெல்லிய அல்ட்ராசவுண்ட் குச்சியை அனுப்புவார்கள். அதன் முனை சுழன்று சுழன்று சுற்றுப்புறம் முழுவதையும் படம் பிடிக்கும். அங்கேயும் காற்றுதான் இடைஞ்சல். அதனால் முனையைச் சுற்றி ஒரு சின்னப் பலூனை மாட்டித் தண்ணீரால் நிரப்பி, குழாயின் சுவரோடு ஒட்டவைப்பார்கள். வெளியே ஜெல் செய்கிற வேலையை உள்ளே தண்ணீர் செய்கிறது. வயிற்று ஸ்கேனில் 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துவோம். இந்தக் குச்சியில் பெரும்பாலும் 20. அந்த அதிர்வெண்ணில் ஒலியின் அலைநீளம் 0.08 மில்லிமீட்டர்தான். அதனால் மூச்சுக்குழாய்ச் சுவரை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. போலந்தின் கிராகூவ் நகர மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்துமா நோயாளிகளின் சுவர் தடிமனை இப்படி அளந்து சி.டி. அளவோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் சுவர் தடித்திருந்தது. இரண்டு முறைகளின் அளவுகளும் ஒத்துப்போயின.

இதைப் படிக்கும் யாருக்கும் "அட, முடியும்போலிருக்கிறதே" என்றுதான் தோன்றும். ஆனால் உங்கள் பையனுக்கு இது எந்த வகையிலும் பொருந்தாது. மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட வேண்டும். ஆஸ்துமா உள்ள மூச்சுக்குழாய் சும்மாவே தொட்டால்சிணுங்கி. குழாய் பட்டதும் இறுகிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அதையும் தாங்கிக்கொண்டு பார்த்தாலும், அந்தக் குச்சி போய்ச் சேருவது ஓரளவு பெரிய கிளைகள் வரைதான். மூச்சுக்குழாய் ஒரு மரம் போல 23 தடவை கிளை பிரிகிறது. ஆஸ்துமாவின் சேட்டை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான சின்னக் கிளைகளிலும் நிறைய உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சுவர் தடித்திருப்பதும் சுவர் வீங்கியிருப்பதும் ஒன்றல்ல. பல வருட அழற்சியால் சுவரில் தழும்பு ஏறும், தசை பருக்கும். அடிக்கடி உரசும் இடத்தில் தோல் காய்ப்பு ஏறுவது போல. அப்படிப்பட்ட தடிப்பு, மருந்து எடுத்து இன்றைய வீக்கம் வடிந்த பிறகும் அங்கேயே இருக்கலாம். ஆகவே இது ஆராய்ச்சியாளர்களின் கருவி. நாளைக்குக் காலையில் பம்ப் அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற கருவி அல்ல.

மதுரை, கோவைப் பக்கம் 'ஈபஸ்' என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதுவும் இதே குடும்பம்தான். மூச்சுக்குழாய்க்கு வெளியே இருக்கும் நெறிக்கட்டிகளை உள்ளிருந்து பார்த்து ஊசியால் சதை எடுப்பதற்கு, முக்கியமாகக் காசநோய், புற்றுநோய் சந்தேகத்தில் செய்வது. ஆஸ்துமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கழுத்தில் வைத்துப் பார்க்கும் ஸ்கேனும் உண்டு. அதில் குரல்வளையும் குரல்நாண்கள் அசைவதும் மூச்சுக்குழாயின் முன்சுவரும் தெரியும். பின்சுவர் தெரியாது, நடுவில் காற்று.

இவ்வளவும் சொன்னதால், நெஞ்சுக்கு அல்ட்ராசவுண்டே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நான் தினமும் அதைக் கையில் வைத்திருக்கிறேன். ஆஸ்துமாவை அளக்க அல்ல, இது ஆஸ்துமாதானா என்று சந்தேகம் வரும்போது. பிரான்ஸில் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவரான டேனியல் லிக்டன்ஸ்டைன், கடும் மூச்சுத்திணறலோடு வந்த 260 பேரின் நுரையீரல் ஸ்கேனை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சில நிமிடங்களில் முடியும் அந்தப் பரிசோதனை பத்தில் ஒன்பது பேருக்குக் காரணத்தைச் சரியாகச் சொன்னது. அதில் ஆஸ்துமாவுக்கு என்ன அடையாளம் தெரியுமா? ஒன்றும் இல்லாததுதான். வெள்ளைக் கோடு ஒழுங்காக வழுக்குகிறது, கீழே படிக்கட்டு எதிரொலி மட்டும் இருக்கிறது, நீர் இல்லை, நிமோனியாவின் கெட்டிப்பு இல்லை. ஆள் மட்டும் திணறுகிறார். அப்படியென்றால் பிரச்சினை படத்துக்குள் வராத குழாய்களில் இருக்கிறது என்று ஊகிக்கிறோம்.

மற்ற நோய்கள் அப்படி ஒளிந்துகொள்வதில்லை. நிமோனியாவில் நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று வெளியேறி, அந்த இடத்தைச் சீழும் நீரும் நிரப்பிவிடும். காற்று போனதும் ஒலிக்கு வழி திறந்துவிடும். அப்போது அந்தப் பகுதி திரையில் அச்சு அசலாகக் கல்லீரல் போலவே தெரியும். எங்கள் பாடப்புத்தகங்களிலும் அதை ஈரல் போல் ஆவது என்றுதான் எழுதியிருக்கிறது. நுரை போனால் மிச்சம் ஈரல்! பெயர் வைத்தவர் கசாப்புக்கடையில் நின்று வைத்தாரோ என்னவோ, இந்தக் காலத்து ஸ்கேன் அறைக்கும் பொருந்துகிறது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால், வெள்ளைக் கோட்டிலிருந்து கீழே வால் நட்சத்திரம் போல நீண்ட ஒளிக்கற்றைகள் விழும். சவ்வுகளுக்கு நடுவில் நீர் தேங்கினால் கறுப்பாகத் தெரியும். நுரையீரல் ஓட்டையாகிக் காற்று கசிந்திருந்தால், கோடு வழுக்குவது நின்றுவிடும். ஆகையால் என்றைக்காவது இரவில் பையனை அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அங்கே டாக்டர் நெஞ்சில் புரோபை வைத்தால், "இதில் ஒன்றும் தெரியாது என்று படித்தேன்" என்று மறிக்காதீர்கள். அவர் வீக்கத்தைத் தேடவில்லை, அதோடு சேர்ந்து வேறு ஏதும் வந்திருக்கிறதா என்று தேடுகிறார்.

அந்தக் கருவியை எல்லா சின்ன கிளினிக்கிலும் காண முடியாததற்கு ஒரு காரணம் நம் ஊருக்கே உரியது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நியாயமான சட்டம். அதன் பக்கவிளைவாக, ஸ்டெதஸ்கோப் போலச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் நெஞ்சைப் பார்க்கிற வழக்கம் இங்கே மெதுவாகத்தான் வருகிறது.

சி.டி. பற்றி உங்களுக்கு இருக்கும் பயத்தில் பாதி நியாயம். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட். வழக்கமான மார்பு சி.டி.யில் 5 முதல் 7 வரை; குழந்தைகளுக்கு அளவைக் குறைத்து எடுப்பார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மட்டுமே ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எல்லோருக்கும் சேர்கிறது. எனவே தேவைப்படும்போது ஒரு சி.டி. எடுத்தால் குடி முழுகிவிடாது. மருந்துக்கு அடங்காத ஆஸ்துமாவில், குழாய்களில் சளி அடைத்திருக்கிறதா, வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க எடுப்போம். ஐந்து மாதமாக நன்றாக ஓடி விளையாடும் பிள்ளைக்கு எடுப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் வீக்கத்தை எப்படித்தான் அளப்பது? படம் பிடிப்பதை விட்டுவிட்டு மூச்சை அளக்கிறோம். மூச்சுதான் நல்ல அளவுகோல் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 8 மில்லிமீட்டர் அகலக் குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் 6 மில்லிமீட்டர் மிஞ்சும். சீரான ஓட்டத்தில் காற்றுக்கு ஏற்படும் தடை சுமார் 3 மடங்காகும். அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் 4 மில்லிமீட்டர் குழாயில் வந்தால் அகலம் பாதியாகும், தடையோ 16 மடங்காகும். குழந்தைகளுக்கு ஏன் சட்டென்று இளைப்பு ஏறுகிறது என்பதும் இதில் இருக்கிறது. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் பிடிபடாத வீக்கம்கூட மூச்சில் பல மடங்கு பெரிதாகித் தெரியும்.

9 வயதுப் பையன் ஸ்பைரோமெட்ரி என்கிற காற்று ஊதும் டெஸ்டைத் தாராளமாகச் செய்வான். ஐந்தாறு வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் செய்துவிடுவார்கள். பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பது போல ஊதச் சொன்னால் போதும். மொத்தமாக ஊதிய காற்றில் முதல் நொடியில் எவ்வளவு வெளியே வந்தது என்று கருவி கணக்குப் போடும். குழந்தைகளிடம் சாதாரணமாக 90 சதவீதத்துக்கு மேல் முதல் நொடியிலேயே வந்துவிடும். நீலப் பம்ப் கொடுத்துவிட்டுத் திரும்ப ஊதவைக்கும்போது அந்த முதல் நொடிக் காற்று 12 சதவீதத்துக்கு மேல் கூடினால், குழாய் இறுகியிருந்தது, மருந்தில் திறந்துகொண்டது என்று அர்த்தம். ஆனால் இளைப்பு இல்லாத நாளில் ஊதினால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் நார்மலாக வரலாம். இந்த ரிப்போர்ட்டையும் தனியாக வைத்துக்கொண்டு பம்பை நிறுத்தக் கூடாது.

நீங்கள் கேட்கும் 'வீக்கத்துக்கு' மிக அருகில் வருவது ஃபீனோ என்ற டெஸ்ட். அழற்சி பிடித்த மூச்சுக்குழாய் உள்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கூடுதலாக உண்டாக்கும். ஊதும் காற்றில் அது எவ்வளவு என்று அளப்பார்கள். நூறு கோடியில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. குழந்தைகளிடம் 20க்குக் கீழே இருந்தால் அலர்ஜி வகை வீக்கம் குறைவு, 35ஐத் தாண்டினால் அதிகம். ஸ்டீராய்டு பம்பை ஒழுங்காக எடுக்கும் பிள்ளைக்கு இந்த எண் இறங்கும். தினமும் அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்பேசரைத் தூசி படியவிடும் பதின்வயதுக்காரர்களை இந்த எண் அடிக்கடி காட்டிக்கொடுக்கும். மூக்கு அலர்ஜி இருந்தாலும் எண் கூடும், எல்லா வகை ஆஸ்துமாவிலும் கூடுவதும் இல்லை. பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். கட்டாயம் எடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மதுரைக்கு வேறு வேலையாகப் போகும்போது எடுத்தால் பயன் உண்டு.

ஸ்கேனுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள். எவ்வளவு வேகமாக ஊதுகிறான் என்று காட்டும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு முள், மின்சாரம் வேண்டாம். காலையும் இரவும், பம்ப் அடிப்பதற்கு முன், மூன்று தடவை ஊதவைத்து அதில் அதிகமானதை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் அவனுடைய சொந்த உச்ச அளவு தெரிந்துவிடும். உதாரணத்துக்கு அது 200 என்றால், 160க்கு மேல் இருக்கும்வரை கவலையில்லை. 160க்கும் 100க்கும் நடுவில் வந்தால் டாக்டரிடம் பேச வேண்டும். 100க்குக் கீழே என்றால் நீலப் பம்பைக் கொடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம், அது உயரத்தைப் பொறுத்து மாறும். காலை அளவுக்கும் இரவு அளவுக்கும் பெரிய வித்தியாசம் வந்துகொண்டே இருந்தால், இளைப்பு வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே குழாய் அமைதியாக இல்லை. உங்கள் டாக்டர் சொன்ன வீக்கம் அதுதான்.

இனி நிறுத்தலாமா என்ற கேள்வி. டாக்டர் தொடரச் சொன்னது சரி. அதே சமயம் ஐந்து மாதம் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு அளவைக் குறைப்பது பற்றி அவரிடம் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. சட்டென்று நிறுத்துவது வேறு, படிப்படியாக இறங்குவது வேறு. கடந்த நான்கு வாரத்தை எடுத்துக்கொண்டு பாருங்கள்: பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இருமலோ இளைப்போ வந்ததா, ஒரு இரவாவது அதனால் விழித்தானா, நீலப் பம்ப் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா, பி.டி. வகுப்பில் பாதியில் உட்கார்ந்துவிட்டானா. நான்குக்கும் இல்லை என்ற பதில் மூன்று மாதம் போல நீடித்தால், ஸ்டீராய்டு அளவில் கால் பங்கு முதல் பாதி வரை குறைத்து, அடுத்த மூன்று மாதம் பீக் ஃப்ளோ நோட்டோடு கவனிப்போம். இறங்குவதற்குக் காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி அடைமழையில், கார்த்திகைப் பனியில், வீடு முழுக்கச் சளிக்காய்ச்சல் சுற்றும்போது குறைக்கக் கூடாது. கோடை விடுமுறை நல்ல சமயம்.

'பம்புக்குப் பழகிவிடும்' என்ற பேச்சு எங்கள் கிளினிக்கில் நாளைக்குப் பத்துத் தடவை கேட்பது. போதைப்பொருள் போல உடம்பு ஏங்குவதற்கு இதில் எதுவும் இல்லை. ஒரு அழுத்தலில் வருவது 100 அல்லது 200 மைக்ரோகிராம். இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுக்கும் 10 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை 10,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துகள், நேராக ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் எந்தப் பக்கம் பயப்பட வேண்டும் என்பது புரியும். பக்கவிளைவே இல்லை என்று நான் மழுப்பப் போவதில்லை. தினமும் 400 மைக்ரோகிராம் புடெசொனைடு எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவர்களின் உயரம், போலி மருந்து எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. அளவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அடித்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஸ்பேசரைக் கழுவினால் துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் ஒரு ஆச்சரியக்குறியோடு எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்கு மொத்தக் கடிதத்திலும் கவலை தந்தது அந்த வரிதான்.

68 வயதில் முதல்முறையாக வரும் இளைப்பு, அதுவும் படுத்தால் கூடி உட்கார்ந்தால் குறைவது, பேரனின் ஆஸ்துமா பாட்டிக்குத் தொற்றியது அல்ல. அந்த வயதில் புதிதாக ஆஸ்துமா வரலாம். விறகடுப்புப் புகையில் பல வருடம் சமைத்தவர் என்றால் அந்தப் புகையால் வரும் நுரையீரல் நோயாகவும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது இதயத்தை. இதயத்தின் பம்ப் வேலை பலவீனமானால், பகலில் காலில் இறங்கியிருந்த நீர் படுத்ததும் நெஞ்சுப் பக்கம் திரும்பி நுரையீரலில் கோத்துக்கொள்ளும். அப்போது வீசிங் சத்தமும் வரும், ஆஸ்துமா போலவே. நீலப் பம்ப் அடித்ததும் குறைகிறது என்று அத்தை சொல்லலாம். எழுந்து உட்கார்ந்தாலே குறையும் என்பதால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அந்த மருந்து இதயத் துடிப்பைக் கூட்டும். பலவீனமான இதயத்துக்கு அது நல்லதல்ல. என்னிடம் ஒரு பெரியவர் வந்தார், எட்டு மாதமாக வேறு ஓரிடத்தில் ஆஸ்துமா மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். நெஞ்சின் இரண்டு பக்கமும் புரோபை வைத்ததும் திரை முழுக்க வால் நட்சத்திரங்கள். அன்றைக்கே இதய டாக்டரிடம் அனுப்பினேன்.

உங்கள் வீட்டில் அல்ட்ராசவுண்ட் தேவைப்படுகிறவர் பையன் அல்ல, அத்தைதான். இதயத்துக்கு எக்கோ, அதுவும் அல்ட்ராசவுண்ட்தான். முடிந்தால் அதே நேரத்தில் நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, ரத்த அழுத்தம், சர்க்கரை. இந்த வாரத்திலேயே அழைத்துப் போங்கள். போகும்போது சில விவரங்களைக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்: எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், படுத்து எவ்வளவு நேரத்தில் எழுகிறார், சாயங்காலம் கால் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, மாடிப்படி ஏற முன்பைவிடச் சிரமப்படுகிறாரா, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார். அதற்குள் ஓர் இரவு உட்கார்ந்தும் அடங்காமல் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, நுரையாகச் சளி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பேரனின் பம்பை இனி அவர் தொட வேண்டாம். கோபித்துக்கொள்வார். "பம்புக்குப் பழகிவிடுவீர்கள் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள்.